சூடானால் படுத்துவிடும் ஆயில் பிரஷர்: பழைய மேஸி எஞ்சினுக்கு பேரிங் மட்டும் போட்டால் போதுமா?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். வாழப்பாடி பக்கம் மரவள்ளியும் மஞ்சளும் வெள்ளாமை செய்யும் தம்பி ஒருவர் கேட்கிறார். வீட்டில் அப்பா காலத்து மேஸி பெர்குசன் 1035 நிற்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் முள் கம்பீரமாக எழுந்து நிற்கிறது. ரொட்டவேட்டரில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு ஐடிலுக்கு வந்தால் முள் கீழே படுத்துவிடுகிறது. டிரெய்லரில் கிழங்கு ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது எஞ்சின் அடிவயிற்றிலிருந்து ‘டொக்கு டொக்கு’ என்று ஒரு சத்தம். ஒரு மெக்கானிக், “சம்ப்பை (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறக்கி பேரிங் செட் மாத்தி ஏத்திடலாம், ஒரு நாள் வேலை” என்கிறார். இன்னொருவர், “கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வெளியே எடுத்து கிரைண்டிங் போடாம பேரிங் போட்டா காசுக்குத்தான் கேடு” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டாமவர் பேச்சை, தம்பி. ஆனால் அவரும் ஒன்றை விட்டுவிட்டார். கிரைண்டிங் போடுவதற்கு, அதாவது தேய்ந்த கிராங்கைக் கடைந்து மறுபடி வட்டமாக்குவதற்கு, முன்னால், இருக்கிற பேரிங் ஏன் தேய்ந்தது என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் புதுசு போட்டால், பழையதைத் தின்றது புதியதையும் தின்னும். சேலத்தில் கொண்டலாம்பட்டி பக்கம் பட்டறையில் டிராக்டர் எஞ்சினும் லாரி எஞ்சினும் பிரித்துப் பூட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: ‘போன வருசம்தான் பேரிங் போட்டேன், மறுபடியும் தட்டுது’ என்று வந்த வண்டிகளில் பேரிங்கே பழுதாக இருந்தது அபூர்வம். பெரும்பாலும் அதைச் சுற்றி இருந்த ஏதோ ஒன்றுதான் காரணம்.

பேரிங் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். இங்கே பேரிங் என்றால் சக்கரத்தில் இருக்கும் குண்டு பேரிங் இல்லை. அரை வட்டமாக வளைந்த இரண்டு ஓடுகள். கிராங்க் அந்த ஓட்டின் மேல் உட்கார்ந்து சுற்றுவதாக நாம் நினைக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும்போது அது ஓட்டைத் தொடுவதே இல்லை. சுற்றுகிற தண்டு ஆயிலை ஆப்பு மாதிரி தன் அடியில் இழுத்துக்கொண்டு, அந்த ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். தண்டு சுற்றச் சுற்ற, ஆயில் அந்தத் துளை வழியாகவே மேலே பொங்கியது. கார்க் அடித்து அடைத்தார்; கார்க் வெளியே வந்தது. மரக்கட்டை அடித்தார், அதுவும் மெல்ல மெல்ல வெளியே வந்துவிட்டது. அங்கே பிரஷர் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான், பாரத்தை ஆயிலே தூக்கிக்கொண்டிருக்கிறது என்பது புரிந்தது. மூன்று வருடம் கழித்து பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் பேரிங் செய்கிறவர்கள் அந்தக் கணக்கில்தான் நிற்கிறார்கள்.

உங்கள் வண்டியின் முள் ஏன் சூட்டில் படுக்கிறது என்பதும் இதிலிருந்தே வருகிறது. தண்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளி, தண்டின் விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு தௌ. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்று மூன்று தௌ பருமன் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்கின்ஸ் கம்பெனி வழி வந்த அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினில் மெயின் ஜர்னல், அதாவது கிராங்க் எஞ்சின் பிளாக்கில் உட்காரும் இடம், சுமார் 2¾ அங்குலம். ஆக, ஒரு முடியின் கனம்தான் இடைவெளி. இது இரண்டு மடங்கானால் ஓரத்தில் ஒழுகும் ஆயில் இரண்டு மடங்கு ஆகாது. எட்டு மடங்கு ஆகும். இடைவெளியின் கன அளவுக்கு ஒழுக்கு ஏறும். காலையில் ஆயில் கெட்டியாக இருப்பதால் பம்ப் எப்படியோ தாக்குப்பிடிக்கிறது. சூடேறி ஆயில் நீர்த்து, ஐடிலில் பம்பும் மெதுவாகச் சுற்றும்போது, ஊற்றுவதைவிட ஒழுகுவது அதிகமாகிவிடுகிறது. சூடான எஞ்சின் முழு வேகத்தில் 30 பவுண்டாவது காட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் வண்டியை நிறுத்துங்கள். இன்னும் ரெண்டு ஏக்கர் முடித்துவிட்டு நிறுத்தலாம் என்று பார்க்காதீர்கள்.

சரி, ஸ்பேனரை எடுக்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

டேஷ்போர்டு மீட்டரை நம்ப வேண்டாம். பிளாக்கில் அதன் குழாய் வரும் இடத்தில் தெரிந்த நல்ல மீட்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். மீட்டர் பொய் சொன்னதற்காக எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு.

அடுத்து டிப் ஸ்டிக். ஆயில் மட்டம் குறையாமல் இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் அதிகம். மட்டம் ஏறியிருக்கிறதா பாருங்கள். குச்சியை மூக்கருகே வைத்தால் டீசல் வாடை வருகிறதா? விரல் நுனியில் தேய்த்தால் வழவழப்பு இல்லாமல் தண்ணீராக ஓடுகிறதா? பிளாக் பக்கவாட்டில் இருக்கும் சின்ன டீசல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் வெளியே சொட்டாமல் உள்ளே சம்ப்பில் இறங்கும். இன்ஜெக்‌ஷன் பம்ப் ஷாஃப்ட் சீல் போனாலும் டைமிங் கேஸ் வழியாக அங்கேதான் வரும். டீசல் கலந்த ஆயிலில் எந்தப் பேரிங்கும் நிற்காது. அப்படி இருந்தால் நோய்க்கு மூலம் கிடைத்துவிட்டது. ஆனால் அதனால் ஏற்கெனவே தேய்ந்த பேரிங் வளர்ந்து வரப்போவதில்லை; அதையும் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது, தட்டும் சிலிண்டரைக் கண்டுபிடிப்பது. எஞ்சின் சூடாக, மிதமான வேகத்தில் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட் ஒன்றைச் சற்றுத் தளர்த்துங்கள். அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது, அடி விழாது. தட்டல் குறைந்தால் அந்த சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங்தான் (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனைப் பேரிங்) ஆசாமி. மூன்றையும் மாறி மாறித் தளர்த்தியும் அடியில் கனமான ‘தொம் தொம்’ அப்படியே இருந்தால் மெயினில் சந்தேகம் வைக்கலாம். பீய்ச்சும் டீசல் தோலுக்குள் ஏறிவிடும், முகத்தையும் கையையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, யாராவது ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பாருங்கள். எஞ்சின் ஓடக் கூடாது. மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னால் நகர்ந்து, விட்டதும் பின்னால் போனால், கிராங்கின் நீளவாட்டு ஆட்டத்தைப் பிடித்து வைக்கும் த்ரஸ்ட் வாஷர் முடிந்துவிட்டது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு ஓடிய ஒரு டிராக்டரில் இதைப் பார்த்தேன். சேலத்திலிருந்து ஏறும் அந்த மலைச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவு. அதில் உரமும் சாமானும் ஏற்றிக்கொண்டு ஏறி இறங்கிய டிரைவருக்கு, இடது கால் கிளட்சை விட்டு இறங்கியதே கிடையாது. பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் அந்த அழுத்தம் முழுக்க நாள் பூராவும் த்ரஸ்ட் வாஷர் மேல்தான். கழற்றும்போது பின்பக்க வாஷர் பிளேடு மாதிரி மெலிந்து போய், ஒன்று இடத்தை விட்டே நழுவி சம்ப்பில் கிடந்தது. அந்த வண்டியில் பேரிங் ஓடுகள் எல்லாம் புதுசு மாதிரி இருந்தன. உங்களுக்கு மலை இல்லை என்றாலும், மில் வாசலில் கிழங்கு வண்டிகள் வரிசையில் ஊரும்போது கால் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது ‘ஒரு நாள் வேலை’க்கு வருவோம். கிராங்கை இறக்காமல் பேரிங் மாற்ற முடியும், பொய் இல்லை. பிக் எண்ட் கேப்பைக் (ஓட்டைப் பிடித்திருக்கும் கீழ் மூடி) கழற்றி ஓட்டை மாற்றுவது சுலபம். மெயினில் மேல் ஓட்டைக்கூட, ஜர்னலின் ஆயில் துளையில் தட்டைத் தலை ஊசி ஒன்றைச் செருகி, கிராங்கை மெதுவாகச் சுற்றினால் அது ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நானே செய்திருக்கிறேன். அறுவடை நடுவில், வேறு வழியில்லாமல், கிராங்க் நன்றாக இருப்பது உறுதியாகத் தெரிந்தால் செய்யலாம். தட்டல் கேட்கிற எஞ்சினில் செய்வது எனக்குப் பிடிக்காது. தட்டுகிற பேரிங் கிராங்க் பின்னை (கனெக்டிங் ராடு பிடிக்கும் பகுதி) முட்டை வடிவமாக அடித்திருக்கும். முட்டைக்கு வட்டச் சட்டை தைத்தால் எப்படி நிற்கும்? மேலும் கீழே படுத்துக்கொண்டு, முகத்தில் ஆயில் சொட்டச் சொட்ட, மைக்ரோமீட்டர் வைத்து ஒரு தௌ சொல்ல எவராலும் முடியாது.

டிராக்டருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. எஞ்சினே முதுகெலும்பு. முன் அச்சு எஞ்சினில் தொங்குகிறது. பின்னால் கியர் பாக்ஸ் எஞ்சினோடு போல்ட்டில் நிற்கிறது. அதனால் பிரிக்கும்போது இரண்டு பாதிக்கும் கீழே உறுதியான ஸ்டாண்டு வேண்டும். செங்கல் அடுக்கி வைத்து வேலை செய்யும் பழக்கத்தை இந்த ஒரு வேலைக்காவது விட்டுவிடுங்கள். எஞ்சின் பாதி பக்கவாட்டில் சாயாமல் இருக்க முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் இருபுறமும் மரக் கட்டை அடிப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

கேப்களைக் கழற்றும்போது எண் பாருங்கள். கனெக்டிங் ராடிலும் அதன் கேப்பிலும் ஒரே எண், ஒரே பக்கத்தில் அடித்திருக்கும். மெயின் கேப்களுக்கும் வரிசை உண்டு. எண் அழிந்திருந்தால் சென்டர் பஞ்சால் புள்ளி வையுங்கள். கேப்பும் ராடும் ஜோடியாகச் சேர்த்துத்தான் துளை கடையப்பட்டவை. ஒன்றின் கேப் இன்னொன்றுக்கு ஏறும், உட்காராது.

கழற்றிய பழைய ஓடுகளை டப்பாவில் கொட்டாதீர்கள். பழைய செய்தித்தாளை விரித்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை, மேல் ஓடு மேலே, கீழ் ஓடு கீழே என்று அப்படியே அடுக்குங்கள். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான். எஞ்சின் இத்தனை வருடம் என்ன பாடு பட்டது என்று அந்தப் பதினான்கு ஓடுகளும் சொல்லிவிடும்: மெயினுக்கு நான்கு ஜோடி, பிக் எண்டுக்கு மூன்று ஜோடி.

பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஓட்டின் முதுகு இரும்பு. அதன் மேல் செம்பும் ஈயமும் கலந்த படிவு. அதற்கும் மேலே ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த சாம்பல் நிறப் பூச்சு, ஒரு தௌ அளவுதான் கனம். அந்தச் சாம்பல் நிறம் போய் செம்பு மினுக்கினால் பூச்சு முடிந்துவிட்டது. எந்த இடத்தில் செம்பு தெரிகிறது என்பதுதான் கேள்வி. பிக் எண்டில் மேல் ஓடும் மெயினில் கீழ் ஓடும் வெடிப்பின் அடியை வாங்குகிறவை. அங்கே நடுவில் சீராகத் தேய்ந்திருந்தால் அது வயசு, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுவாட்டில் கோடு கோடாக, ஏர் ஓட்டிய வயல் மாதிரி இருந்தால் மண். காற்று வடிகட்டியின் ஆயில் கிண்ணத்தை எப்போது கழுவினீர்கள், ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ரொட்டவேட்டர் ஓட்டும்போது எழும் புழுதியில் அந்தக் கிண்ணம் நாலே நாளில் சேறாகிவிடும். நடுவில் பூச்சு, காய்ந்த ஏரி மண் போல வெடித்துப் பொருக்காகப் பெயர்ந்திருந்தால் களைப்பு: உயர் கியரில் குறைந்த வேகத்தில் எஞ்சினை முக்க முக்க இழுக்க வைத்தது, அல்லது டீசல் பீய்ச்சும் டைமிங் முன்னால் போனது. ஒரு ஓட்டில் ஒரு ஓரம், அதன் ஜோடியில் எதிர் ஓரம் என்று குறுக்காகத் தேய்ந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது. புது பேரிங் போட்டும் பயனில்லை, ராடை நேராக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். மெயினில் நடுவில் இருப்பவை மட்டும் மோசமாக இருந்தால் கிராங்க் வளைவையோ பிளாக்கின் நேர்த்தியையோ சந்தேகப்படுங்கள். முழுக்கப் பளபளவென்று, கோடே இல்லாமல், கண்ணாடி மாதிரி துடைத்து எடுத்திருந்தால் ஆயில் நீர்த்துப்போனது. டீசல் பம்ப் நினைவுக்கு வரட்டும்.

பிறகு ஓட்டைத் திருப்பி முதுகைப் பாருங்கள். இதைப் பாதிப் பேர் செய்வதில்லை. முதுகில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்து, அதே இடத்தில் முன்பக்கம் செம்பு தெரிந்தால், போன முறை பூட்டியவர் ஓட்டுக்கு அடியில் ஒரு மண் துகளை விட்டுவிட்டார். முதுகு முழுக்க உராய்ந்து மெருகேறியிருந்தால் ஓடு இறுகப் பிடிக்காமல் ஆடியிருக்கிறது. முதுகில் சிகரெட் தாள் ஒட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்! லூஸாக இருக்கும் பேரிங்கை இறுக்க, ஓட்டுக்கு அடியில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளை வைக்கும் வித்தை ஒரு காலத்தில் இங்கே ரொம்பப் பிரபலம். ஒரு வாரம் சத்தம் வராது. அதற்குள் வண்டி விற்றுவிடும். சூடு வெளியேற முடியாமல் ஓடு வெந்து போவது வாங்கியவன் தலையெழுத்து.

முதுகில் இன்னொன்றும் இருக்கும்: அளவு. ஸ்டாண்டர்ட் என்றோ, 010, 020, 030 என்றோ அடித்திருக்கும். கிராங்கை ஏற்கெனவே பத்து தௌ, இருபது தௌ கடைந்திருந்தால் அதற்கேற்ற கனமான ஓடு போட்டிருப்பார்கள். இதைப் பார்க்காமல் கடையில் போய் ‘மேஸி 1035 பேரிங் செட்’ என்று கேட்டால் ஸ்டாண்டர்ட் எடுத்துக் கொடுப்பார். உங்கள் கிராங்க் இருபதில் நின்றால் பூட்டிய அன்றே தட்டும். பிளாக்கில் அடித்திருக்கும் எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் வந்த வண்டிகளில் எஞ்சின் மாறியிருக்கலாம், பழைய வண்டியில் வேறு எஞ்சின் ஏறியிருக்கலாம்.

அளவெடுப்பது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு ஜர்னலையும் துடைத்து, முன் ஓரம் ஒன்று பின் ஓரம் ஒன்று, ஒவ்வொரு இடத்திலும் நெட்டுக்கு ஒன்று குறுக்குக்கு ஒன்று என நான்கு அளவு. நெட்டுக்கும் குறுக்குக்கும் வித்தியாசம் முட்டை. முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் கூம்பு. ஒன்றரை தௌ தாண்டினால் கடைசல்தான். அதற்குள் இருந்து, நகத்தை ஓட்டினால் தட்டும் கோடு எதுவும் இல்லையென்றால், இருக்கிற அளவிலேயே புது ஓடு போடலாம். முதல் மெக்கானிக் சொன்னது அப்போது சரியாகிவிடும், ஆனால் அளந்து பார்த்த பிறகு.

கிரைண்டிங் கடைக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள். பின் மூன்றும் ஒரே அளவு, மெயின் நான்கும் ஒரே அளவு வர வேண்டும். எது மோசமோ அதற்குத் தக்கபடி மற்றவையும் இறங்கும். ஜர்னல் ஓரத்தில் சுவரோடு சேரும் இடத்தில் இருக்கும் வளைவை அப்படியே காப்பாற்ற வேண்டும். அந்த மூலையைக் கூர்மையாக வெட்டிவிட்டால் கிராங்க் ஒருநாள் அங்கேயே ஒடியும். வளைவைப் பெரிதாக விட்டால் ஓட்டின் ஓரம் அதில் ஏறி உட்கார்ந்து தேயும். மூன்றாவது, கடைவதற்கு முன் காந்தப் பொடி போட்டு விரிசல் பார்க்க வேண்டும். மேல்பரப்பு கடினப்படுத்திய கிராங்க் என்றால், கடைந்த பிறகு மறுபடி கடினப்படுத்த வேண்டுமா என்று அந்த எஞ்சின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். ஓடு வாங்குவது கிரைண்டிங் முடிந்த பிறகு. முன்னாடியே வாங்கி வைத்துவிட்டு, அதற்காகக் கிராங்கை வெட்டச் சொல்வது செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது.

என் கைத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பட்டறைக்குப் புதிது. கிராங்க் கடைந்து வந்தது, கண்ணாடி மாதிரி மின்னியது. மேலே டீசலில் கழுவி, துணியில் துடைத்துப் பூட்டிவிட்டேன். கிராங்குக்கு உள்ளே மெயினிலிருந்து பின்னுக்கு ஆயில் போகும் சாய்வுத் துளைகள் உண்டு. அதற்குள் கடைசல் தூளும், பல வருடத்துக் கரியும் சேர்ந்து களிம்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் சூடான ஆயில் அதைக் கரைத்து நேராகப் புது பேரிங்குக்குள் கொண்டுபோய் ஊற்றியது. இரண்டாவது சிலிண்டர் தட்ட ஆரம்பிக்க ஒரு மாதம்கூட ஆகவில்லை. கழற்றிப் பார்த்தால், ஓட்டின் பூச்சுக்குள் வெள்ளித் துகள்கள் பதிந்து, திருவிழாவில் பூசிய ஜிகினா மாதிரி மின்னுகிறது. கிரைண்டிங் கூலி, பேரிங், என் பேர் மூன்றும் போயிற்று. அன்றிலிருந்து துப்பாக்கிக் குழலைச் சுத்தம் செய்வது போல நீளமான கம்பி பிரஷ்ஷை ஒவ்வொரு துளையிலும் விட்டு, டீசல் பீய்ச்சி, காற்று அடித்து, மறுபடி டீசல் பீய்ச்சி, வெள்ளைத் துணியில் அழுக்கு வராத வரை விடுவதில்லை. அடைப்புத் திருகு இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். பிளாக்கில் ஓடும் ஆயில் பாதைக்கும் இதே வைத்தியம்தான்.

பூட்டும்போது ஓட்டின் முதுகும் அது உட்காரும் இடமும் காய்ந்திருக்க வேண்டும், ஆயில் வேண்டாம். முன்பக்கத்தில் மட்டும் தாராளமாக ஆயில். ஓட்டின் நாக்கு (ஓரத்தில் நீட்டிய சிறு துண்டு) அதன் பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும். மேல் ஓட்டின் துளை பிளாக்கின் துளைக்கு நேராக இருக்க வேண்டும். ஓட்டை அதன் இடத்தில் வைத்தால் இரண்டு ஓரமும் மட்டத்தைவிட மயிரிழை தூக்கலாக நிற்கும். அரம் எடுத்து அதைச் சமமாக்கிவிடாதீர்கள். அந்தத் தூக்கல்தான் கேப்பை முறுக்கும்போது ஓட்டை நெருக்கி, சுற்றாமல் பிடித்து வைக்கிறது. கேப்பின் முகத்தை அரம் போட்டு ‘டைட்’ செய்வதும் அதே பாவம்.

இடைவெளியைச் சரிபார்க்க பிளாஸ்டிகேஜ் நூல் போதும். நூலைத் துண்டாக்கி ஜர்னல் மேல் நீளவாட்டில் வைத்து, கேப்பை முழு முறுக்கத்துக்கு இறுக்கி, கிராங்கை அசைக்காமல் கழற்றுங்கள். நசுங்கிய நூலின் அகலத்தை அதனோடு வரும் அட்டையோடு ஒப்பிட்டால் தௌ கணக்கு வந்துவிடும். அகலம் குறைவு என்றால் இடைவெளி அதிகம். எஞ்சினைத் தலைகீழாக வைத்திருந்தால் மெயினில் சரியான அளவு வரும். கிராங்க் தொங்கும் நிலையில் செய்தால் அதன் பாரமே நூலைப் பொய் சொல்ல வைக்கும்.

முறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், கை முறுக்கம் பற்றி எவ்வளவு பெருமை பேசினாலும். கையேட்டில் உள்ள முறுக்கத்தை மூன்று தவணையாக ஏற்றுங்கள். ஒவ்வொரு கேப் முறுக்கி முடித்ததும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றிக்கொண்டிருந்தது திடீரென்று இறுகினால், கடைசியாக முறுக்கிய கேப்தான் குற்றவாளி. கனெக்டிங் ராடு போல்ட்டும் பூட்டுத் தகடும் புதுசு போடுங்கள். அந்தச் சில்லறைக்குக் கணக்குப் பார்த்து, ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்த எஞ்சின் என் பட்டறை வாசலில் ரொம்ப நாள் கிடந்தது.

த்ரஸ்ட் வாஷரில் ஆயில் பள்ளம் உள்ள முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் சில நாளில் இரும்பு இரும்பைத் தின்னும்.

பின்பக்க ஆயில் சீல் பழைய எஞ்சினில் கயிறு மாதிரி இருக்கும். இரண்டு அரை வட்டக் கூட்டுக்குள் அதை உட்கார வைக்க வேண்டும். முதலில் இரண்டு நுனியிலும் சிறிதளவு உள்ளே அழுத்தி நிறுத்துங்கள். நுனிகள் கூட்டின் மட்டத்தைவிட பத்திலிருந்து இருபது தௌ வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிறகு நடுவில் அழுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் உருட்டி உருட்டி முழுதும் உட்கார வையுங்கள். நீட்டியிருப்பதை வெட்டக் கூடாது. இரண்டு கூடும் சேரும்போது அந்த நுனிகள் ஒன்றையொன்று நெருக்கித்தான் ஒழுக்கை அடைக்கும். உள்பக்கம் கிராஃபைட் கிரீஸ் தடவுங்கள். அவசரப்பட்டால் கிளட்ச் தட்டு ஆயிலில் குளிக்கும், மறுபடி வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

இவ்வளவு செய்துவிட்டு ஆயில் பம்ப்பை அப்படியே மாட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதே மண் அதன் வழியாகத்தானே போயிற்று? பிரித்து, பல்லின் ஆட்டத்தையும் மூடியில் தேய்ந்த வட்டத்தையும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். பிரஷர் வால்வின் ஸ்பிரிங்கையும் உறிஞ்சு வலையையும் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்டுங்கள். ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு, செல்ஃபைச் சற்று நேரம் அடித்து, நிறுத்தி, மறுபடி அடித்து, முள் எழும் வரை சுற்றுங்கள். முள் எழுந்த பிறகே டீசல். ஓட ஆரம்பித்ததும் மணிக்கணக்கில் ஐடிலில் விட்டு அழகு பார்க்க வேண்டாம். மிதமான வேகத்தில் சூடேற்றி, ஒழுகல் பார்த்து, லேசான வேலைக்குக் கொண்டுபோங்கள். முதல் சில நாள் டிரெய்லரில் பாதி லோடு, ரொட்டவேட்டருக்குப் பதில் கல்டிவேட்டர். முழு வேகமும் வேண்டாம், முக்கி இழுப்பதும் வேண்டாம். ஆயில் 20டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில் நம் ஊர் வெயிலுக்குப் போதும். பேரிங் தேய்ந்ததை மறைக்க இன்னும் கெட்டி ஆயில் ஊற்றும் யோசனை யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

முப்பது மணி நேரம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஆயிலை வெயிலில் ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய கறுப்புக் குழம்பு ரிங்கும் லைனரும் பழகுவது, பயமில்லை. செம்பு நிற மினுக்கு காந்தத்தில் ஒட்டாமல் தட்டில் மிதந்தால் மறுநாள் வேலைக்கு வண்டியை எடுக்காதீர்கள்; சம்ப்பை இறக்கி இரண்டாவது சிலிண்டர் கேப்பை முதலில் கழற்றுங்கள். ஏன் இரண்டாவது என்றால் காரணம் ஒன்றுமில்லை, என்னைச் சுட்டது அதுதான்.